பதினைந்து விநாடிக்கு அப்புறம்

அந்தக் குளிர்காலத்தில் நாடு முழுக்க ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு பாட்டே கிடையாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் கம்பெனியில் சிலருக்கும்தான் தெரியும். இருந்தது வெறும் பதினைந்து விநாடி. மண்ணெண்ணெய் ஹீட்டர் விளம்பரம் ஒன்றுக்காக நாங்கள் செய்து கொடுத்த துண்டு.

எங்கள் தொழிலில் அப்போது அதுதான் நடைமுறை. விளம்பரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் பாடிக் கொடு, ஜனங்கள் வாயில் ஒட்டிக்கொண்டால் மிச்சத்தை எழுது, ஒட்டாவிட்டால் விட்டுவிடு என்பார்கள். முன்பக்கச் சுவரை மட்டும் எழுப்பிவிட்டு, வாடகைக்கு ஆள் வந்தால் வீட்டைக் கட்டிக்கொள்ளலாம் என்பது மாதிரி. இதை நான் சொல்லிச் சிரித்தபோது, ரெக்கார்டு கம்பெனியில் எங்களைக் கவனித்துக்கொண்ட ஹச்சியா சிரிக்கவில்லை. அவர் வேலையே அந்த முன்சுவரை விற்பதுதான்.

எங்கள் குழுவின் பெயர் கிதாகுச்சி. வடக்கு வாசல் என்று அர்த்தம். டோக்கியோவில் கோயன்ஜி ரயில் நிலையத்தின் வடக்கு வாசலில், சைக்கிள்களுக்கு நடுவே நின்று வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேறென்ன பெயர் தோன்றும். நான் நாகிசா, பாடுவேன். ஜுன் கிடார் வாசிப்பான், பின்குரலும் கொடுப்பான். தாளத்துக்கு ஒரு மெஷின், அதையும் அவனே தோள்பையில் சுமந்து வருவான். அதற்கு முன்னால் வந்த எங்கள் சிங்கிள் ரெக்கார்டுகளைச் சொந்தக்காரர்கள்கூட வாங்கவில்லை. என் அப்பா ஒன்று வாங்கினார், அதையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தத் துண்டு பிறந்த கதை ஒன்றும் பெரிய கதையில்லை. நான் குடியிருந்தது ஒரே ஒரு அறை. ஜுன் வந்தால் ஒழுங்காக உள்ளே வரமாட்டான். வாசலில் செருப்பு கழற்றும் இடத்தில், ஒரு காலில் ஷூவும் ஒரு கால் வெறுமனேயுமாக, கதவைத் திறந்துபோட்டபடியே பேசிக்கொண்டு நிற்பான். என் ஹீட்டரின் சூடெல்லாம் தெருவுக்குப் போகும். ஒருநாள் பொறுக்காமல் கத்திவிட்டேன்.

"கதவச் சாத்துடா. உள்ள இருக்கும்போதே சாத்து. வெளிய போயி சாத்தாத."

அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு கதவைச் சாத்திவிட்டு, இன்னொரு ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்து, கிடாரை எடுத்தான். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

*கதவை இழுத்துச் சாத்து,
நீ இந்தப் பக்கம் நிற்கையிலே சாத்து.*

அவ்வளவுதான். விளம்பரத்தில் பனி தலையில் ஒட்டியபடி ஒரு பையன் வாசலில் நிற்பான், உள்ளே ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் எரியும், என் குரல் வரும், கதவு சாத்தப்படும். அடுத்து சோயா சாஸ் விளம்பரம்.

அக்டோபர் கடைசியில் அது ஓட ஆரம்பித்தது. முதலில் கேட்டது ஒரு ரயிலில். பள்ளிக்கூடப் பெண்கள் மூன்று பேர் கழுத்தில் ஒரே மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு முணுமுணுத்தார்கள். ஜன்னலில் மூச்சுப்பட்டு ஆவி படிந்திருந்தது, வெளியே வீடுகள் கரைந்து போய்க்கொண்டிருந்தன. என் குரல் என்னைவிட்டு இறங்கி அந்தப் பெட்டியில் தனியாக நடமாடுவதைக் கேட்டுக்கொண்டு நான் இறங்கவேண்டிய நிலையத்தைக் கோட்டைவிட்டேன். அதற்குப் பிறகு அது எங்கும் வந்தது. பொதுக் குளியல் அறையில் தடுப்புச் சுவருக்கு அந்தப்பக்கம் ஆண்கள் பகுதியிலிருந்து வந்தது. துவைத்த துணியை மாடியில் காயப்போடும் யாரோ ஒருத்தியிடமிருந்து வந்தது. எல்லாரும் அந்த இரண்டு வரியைப் பாடிவிட்டு, ஏதோ மறந்துவிட்ட மாதிரி நின்று, திரும்ப முதலிலிருந்து பாடினார்கள். நூடுல்ஸ் கடைக்காரர் மட்டும் நிற்கவில்லை. அவரே மூன்றாவது வரி போட்டுக்கொண்டார்.

"கதவச் சாத்து, சூப்பு ஆறுது," என்று என் முன்னாலேயே பாடினார்.

"நல்லா இருக்கே. எழுதி அனுப்புங்களேன் கம்பெனிக்கு," என்றேன்.

"அடுத்த வரி என்னன்னு தெரிஞ்சா சொல்லும்மா. எம் பொண்ணு உசிர வாங்கறா."

அடுத்த வரி என்னவென்று எனக்கே தெரியாது என்று எப்படிச் சொல்வது. பன்றி இறைச்சித் துண்டை வாயில் போட்டு மென்றேன்.

நவம்பர் தொடக்கத்தில் ஹச்சியா என் அறைக்கே வந்துவிட்டார். மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை. ரெக்கார்டு கடைகளில் ஆட்கள் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்று அந்த இரண்டு வரியைப் பாடிக்காட்டி, இது வேண்டும் என்கிறார்களாம். கடைப் பையன்கள் இன்னும் வரவில்லை என்று தலையைச் சொறிகிறார்களாம்.

"ஜனவரியில கடைக்கு வந்தாகணும், நாகிசா. டிசம்பருக்குள்ள மிச்சத்த முடிச்சுக் குடுங்க. நாலு நிமிஷம். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல."

"நாலு நிமிஷமா? நான் சொன்னதே ஒரு வாக்கியம்தான் சார்."

"அந்த வாக்கியத்த அப்படியே தொடருங்க. என்ன கஷ்டம்?"

பாட்டு எழுதாத ஆட்களுக்கு எல்லாமே சுலபம்தான். ஆனால் நானும் உள்ளுக்குள் பறந்துகொண்டுதான் இருந்தேன். பொய் சொல்வானேன். அன்று சாயங்காலம் ஜுன் வந்தபோது கடைகளின் கதையைச் சொல்லிச் சிரிக்க வாயெடுத்தேன். அவன் வழக்கம்போல வாசலில் நின்றான். ஆனால் அன்று கதவைச் சாத்தியிருந்தான். எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது.

"அம்மா போன் பண்ணாங்க, நாகி."

ஜுனின் முழுப்பெயர் ரியோஜுன். கேட்டவுடனே புத்தர் கோயில் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும் பெயர், அதனால்தான் பாதியை வெட்டிவிட்டிருந்தான். நோதோவில், கடலைப் பார்த்த ஒரு சின்னக் கோயில். அவன் அப்பா அங்கே துறவி, அவர் அப்பாவும் அங்கேதான், அதற்கு முன்னாலும். எங்கள் நாட்டுத் துறவிகள் கல்யாணம் செய்துகொள்வார்கள், கோயிலுக்குள்ளேயே குடும்பம் நடத்துவார்கள், மூத்த மகனுக்கு விட்டுப் போவார்கள். ஜுன் ஒரே பிள்ளை. அந்தக் கோடையில் அவன் அப்பா தோட்டத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்துபோனார்.

"கோயிலச் சேர்ந்த ஊர்க் குடும்பங்கள்லாம் கூடிப் பேசினாங்களாம். வருஷம் முடியற வரைக்கும் எனக்காகக் காத்திருப்பாங்களாம். நான் வரலேன்னா வேற துறவிய அனுப்பச் சொல்லித் தலைமைக் கோயிலுக்கு எழுதிடுவாங்க. அவருக்குக் குடும்பம் இருக்கும். அம்மா வீட்டக் காலி பண்ணணும்."

"எங்க போவாங்க?"

"சித்தி வீட்டுக்கு. கனசாவாவுல. ஒரு ரூம் இருக்கு." அவன் ஷூவின் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நாப்பது வருஷமா அந்த வீட்டுல இருக்காங்க, நாகி. ஊறுகாய்ச் சாடியே ஒரு ரூம் நெறைய இருக்கு."

அவன் போய்விட்டால் வடக்கு வாசலில் நான் ஒருத்தி நின்று என்ன செய்வது. பாட்டை விடுங்கள். கிடார் வாசிக்கிறவர்கள் டோக்கியோவில் தெருவுக்கு இருபது பேர் இருந்தார்கள். எனக்கு வேண்டியது இவன். ஒரு ஷூவோடு நிற்கிற இவன். இதை அவனிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை, அவனும் என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரியவேண்டுமா என்று இரண்டு பேரும் மிதப்பாக இருந்துவிட்டோம்.

"அப்போ பாட்டு?" என்று மட்டும் கேட்டேன்.

"அத முடிக்காம போகமாட்டேன். பாதியில விட்டுட்டுப் போற ஆளா நான்? பாட்ட முடிச்சுட்டு, பதிவு பண்ணிட்டு, அப்புறம்தான் போவேன். நீ வார்த்தைய எழுது, நான் உடனே மெட்டுப் போடறேன்."

அவன் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். பாட்டு முடிந்தால்தான் போவான். பாட்டு முடிய வேண்டுமானால் நான் எழுதவேண்டும். அப்படியானால் நான் எழுதாவிட்டால் போகமாட்டான். இவ்வளவு எளிய கணக்கு யாருக்குத்தான் பிடிக்காது.

எழுதவில்லை என்று சொல்லமுடியாதே, அதனால் எழுதினேன். கண்றாவியாக எழுதினேன். மூன்றாவது வரியில் நிலாவைக் கொண்டுவந்தேன். நான்காவது வரியில் கண்ணீர் நட்சத்திரமானது. அவன் தாளை வாங்கிப் படித்தான், ஒருமுறை என் முகத்தைப் பார்த்தான், மடித்து வைத்தான்.

"இது நீ எழுதினதா?"

"வேற யாரு எழுதுவா?"

"சரி. இன்னொண்ணு எழுது."

இன்னொன்றும் எழுதினேன். அதில் செர்ரிப் பூ உதிர்ந்தது. அதையும் அவன் மடித்து வைத்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் கோபப்படாமல் இருந்ததுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஹச்சியா தினமும் போன் செய்தார். அவரிடம் தொண்டை கட்டியிருக்கிறது, தலைவலி, பல்வலி என்று உடம்பில் ஒவ்வொரு பாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆனால் தூக்கத்தில் ஏமாற்ற முடியவில்லை. கனவில் அந்தப் பாட்டு முழுசாக இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில் ஓடியது. ஒரு கனவில் தண்ணீருக்கடியில் ஒரு ரயில் நிலையம், ஒலிபெருக்கியில் பாட்டு, நான் நடைமேடையில் உட்கார்ந்து நிதானமாக எல்லா வரியையும் கேட்டேன். எவ்வளவு சுலபமாக இருந்தது அது. இதற்கா இவ்வளவு பாடு என்று கனவிலேயே சிரித்தேன். விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது, பால்காரரின் பாட்டில்கள் தெருவில் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது, ஒரு வார்த்தைகூட மிஞ்சவில்லை. போகட்டும், நல்லதுதான் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.

நவம்பர் முடியும்போது ஜுன் ஊருக்குக் கிளம்பினான். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாக் குடும்பமும் கோயிலில் கூடிச் சாப்பிடும் நாள். என்னையும் கூப்பிட்டான்.

"அம்மா உன்னப் பாக்கணுமாம். டிவியில கேக்கறது நீதான்னு சொன்னா நம்பமாட்டேங்கறாங்க."

வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். போனேன். ரயில் மாறி மாறிப் போனோம். சுரங்கங்களுக்கு அந்தப்பக்கம் பனி விழ ஆரம்பித்திருந்தது. அப்புறம் கடல் வந்தது, பனியும் கடலும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டு, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஜுன் என் தோளில் சாய்ந்து தூங்கினான். இந்த ரயில் எங்கும் போய்ச் சேராமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது.

கோயில் முழுக்கச் சேற்று பூட்ஸுகள். மீன்பிடிக்கிறவர்கள், நெல் விளைவிக்கிறவர்கள், அவர்கள் பெண்டாட்டிகள், சிவப்புப் பயறும் முள்ளங்கியும் வேகிற ஆவி. எல்லாரும் ஜுனைச் சின்னவரே என்று கூப்பிட்டார்கள். நான் அதுவரை அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அவன் முகம் கொஞ்சம் வேறு மாதிரி ஆனது. பக்கத்து ஊரிலிருந்து வந்த துறவி பூஜை செய்தார், ஜுன் பின்னால் உட்கார்ந்து கூடவே சூத்திரங்களைச் சொன்னான். புத்தகம் பார்க்காமல் சொன்னான். மேடையில் எனக்குப் பின்னால் கேட்கும் அதே குரல்தான், ஆனால் அது என்னைத் தாங்கிக்கொண்டிருக்கவில்லை. அங்கிருந்த எல்லாரையும் தாங்கிக்கொண்டிருந்தது.

சாப்பிடும்போது ஒரு பெரியவர் என் எதிரே வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தார். கோயில் குடும்பங்களுக்குத் தலைவர், பெயர் தோமோரி.

"டிவியில கதவச் சாத்தச் சொல்றது நீதானாம்மா?"

"நான்தாங்க."

"எங்க வீட்டுல ஒவ்வொரு தடவையும் எழுந்துபோயி கதவு சாத்தியிருக்கான்னு பாக்கறா எம் பெண்டாட்டி. மண்ணெண்ணெய் மிச்சம்." சிரித்துவிட்டு எனக்குக் கொஞ்சம் சாக்கே மது ஊற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சின்னவர நாங்க நெருக்கறோம்னு நீ நெனைக்கக் கூடாது. எங்களுக்கும் சாவு விழுது, எரிச்ச எலும்ப வெச்சுக்கிட்டு சடங்கு செய்ய ஆளுக்காகக் காத்துக்கிட்டிருக்கோம். என்ன பண்றது, சொல்லு."

அவர்மேல் கோபப்படலாம் என்று ஆசைப்பட்டு வந்திருந்தேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

மறுநாள் பகலில் எல்லாரும் போன பிறகு, ஜுன் கூரையில் பனி தள்ள ஏறினான். அவன் அம்மாவும் நானும் அடுக்களையில் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். சின்ன உருவம், ஆனால் வாய் ஓயாது. என்னைக் கண்ணு என்று கூப்பிட்டார். மேலே ஜுன் நடக்கும் சத்தம் தொம் தொம் என்று கேட்டது. எங்கிருந்தோ காற்று வந்து என் காலைக் கடித்தது. பார்த்தால் அடுக்களையின் பக்கவாட்டுக் கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. வாசலில் பனி உள்ளே வந்து திண்டு கட்டியிருந்தது. நான் எழுந்துபோய்க் கதவில் கை வைத்தேன்.

"அத விட்டுடு கண்ணு," என்றார். "அவரு வீடு வீடாப் போயிட்டு வரும்போது ரெண்டு கையிலயும் முள்ளங்கி, மீனுன்னு எதையாவது தூக்கிட்டு வருவாரு. தெறக்க முடியாது. காலால தள்ளிக்கிட்டு வரணும்."

நான் அப்படியே நின்றேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"வரமாட்டாரு. தெரியாதா எனக்கு. ஜூலையில போனவரு." சிரிக்கப் பார்த்தார். "சாத்தலாம்னுதான் போறேன், கை வரமாட்டேங்குது. புதுசா வர்றவங்க வந்து சாத்திக்கட்டும்."

நான் கதவைச் சாத்தவில்லை. திரும்பி வந்து துணியை எடுத்துத் துடைத்த கிண்ணத்தையே திரும்பத் துடைத்தேன். பாட்டின் மிச்சம் அப்போதே வந்துவிட்டது. யாரும் கொடுக்காமல், நான் கேட்காமல், கனவில் வந்த அதே சுலபத்தோடு வந்து நின்றது.

*நீ போனாய். அந்தக் கதவு
அப்படியே கிடக்கிறது.
பனி உள்ளே வரட்டும்,
நான் சாத்தப் போவதில்லை.*

திரும்பும் ரயிலில் அது என் வாய்க்குள்ளேயே இருந்தது. ஜுன் எதிர் இருக்கையில் ஆரஞ்சு உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினான். வெளியே அந்தச் சாம்பல் கடல் பின்னால் போய்க்கொண்டிருந்தது. இதைச் சொல்லாமல் விழுங்கிவிடலாம். இன்னும் ஒரு நிலாவும் இரண்டு நட்சத்திரமும் எழுதிக் கொடுத்து வருஷத்தைக் கடத்திவிடலாம். இவன் என்னிடம் இருப்பான். அந்த அம்மா சாடிகளைக் கட்டிக்கொண்டு கனசாவாவில் ஒரு அறைக்குப் போவார், அந்தக் கதவை யாரோ ஒரு புது மனுஷி வந்த முதல் நாளே இழுத்துச் சாத்துவாள். அதற்குப் பிறகு இவன் என் அறை வாசலில் நிற்கும்போது நான் எந்த முகத்தோடு இவனைப் பார்ப்பது.

சுரங்கம் வந்தது. இருட்டில் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்து, சொன்னேன். நான்கு வரியையும் சொன்னேன். வெளிச்சம் வந்தபோது அவன் ஆரஞ்சைக் கையில் வைத்தபடி இருந்தான்.

"பக்கத்துக் கதவு," என்றான்.

"ஆமா."

"நான் போன தடவ சாத்தப் போனேன். என்னையும் விடல."

அதற்கப்புறம் அவன் விரல்கள் முழங்காலில் நகர்ந்துகொண்டிருந்தன. டோக்கியோ வருவதற்குள் மெட்டு முடிந்திருந்தது.

பதிவு டிசம்பர் பாதியில், ஒரு காலை வேளையில். ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்தது ஸ்டூடியோ. டேப்பை ஓட்டியவர் முராகோஷி, காய்ந்த கணவாய் மீனை எப்போதும் மென்றுகொண்டிருக்கும் மனுஷர், அதிகம் பேசமாட்டார். நாங்கள் இரண்டு பேரும் எப்போதும் ஒன்றாகத்தான் பாடி வாசித்துப் பதிவு செய்வோம். நடுவில் ஒரு கண்ணாடி இருக்கும். காதில் மாட்டிய ஹெட்போன் வழியாக அவன் மூச்சுகூட எனக்குக் கேட்கும், என்னுடையது அவனுக்கு.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. பாட்டுக்கு முடிவு இல்லை. ஜுன் எத்தனையோ விதமாக முடித்துப் பார்த்தான். எதை வாசித்தாலும் கதவைச் சாத்திய மாதிரி ஆகிவிடுகிறது என்றான்.

"அப்போ முடிக்காதீங்க," என்றார் ஹச்சியா. "கொறச்சுக்கிட்டே போயி மறையற மாதிரி விட்டுடலாம்."

எல்லாப் பாட்டுகளிலும் செய்வதுதான். கடைசி வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கவேண்டும். பிறகு முராகோஷி ஒலியை மெல்லக் கீழே இழுத்துக்கொண்டுபோய் இல்லாமல் செய்துவிடுவார். கேட்கிறவர்களுக்குப் பாட்டு தூரத்தில் போய்விட்ட மாதிரி இருக்கும். ஆனால் ஸ்டூடியோவில் யாரும் தூரத்தில் போவதில்லை. கேட்கப்போகாத பகுதியையும் வாசித்துத்தான் ஆகவேண்டும், கொஞ்சம் கூடுதலாகவே.

ஹச்சியா போன் பேச மாடிக்குப் போயிருந்தார். நாங்கள் ஆரம்பித்தோம்.

நன்றாக வந்தது. அதை நானே சொல்லிக்கொள்வதில் தப்பில்லை. நான் பாடவில்லை, எங்கோ மிதந்துகொண்டிருந்தேன், தண்ணீருக்கடியில் இருந்த அந்த நடைமேடையில் என் குரலை யாரோ ஒலிபெருக்கியில் போட்டது மாதிரி இருந்தது. கடைசி வரி வந்தது. நான் சாத்தப் போவதில்லை, நான் சாத்தப் போவதில்லை. டேப் அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் முராகோஷி விரலைச் சுழற்றினார், இதற்கு மேல் யாருக்கும் கேட்காது, சும்மா ஓட்டுங்கள் என்று அர்த்தம். ஜுன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான். யாருக்கும் கேட்காது என்ற அந்த இடத்தில் நான் பாடுவதை நிறுத்தினேன். மைக்குக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"போகாத ஜுன்."

சத்தமாகச் சொல்லவில்லை. அவன் காதுக்குள் சொன்ன மாதிரிதான். அவன் கை ஓர் இடத்தில் தடுக்கியது. பிறகு அந்தச் சுற்றை வாசித்து முடித்தான், தந்திகள்மேல் உள்ளங்கையை வைத்தான். தாள மெஷின் மட்டும் ஒன்றும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. முராகோஷி மெல்லுவதை நிறுத்திவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முராகோஷி அண்ணே," என்றான் ஜுன். குரல் சாதாரணமாக இருந்தது. "என் தந்தி கொஞ்சம் எறங்கிடுச்சு. இன்னொரு தடவ எடுக்கலாமா?"

தந்தி இறங்கவில்லை. எனக்குத் தெரியாதா அது. நான் சொன்னதை நான் சொல்லாததாக ஆக்கிக்கொள்ள எனக்கு ஒரு வழி விட்டான். போவதென்று அவன் முடிவு செய்துவிட்டான், போகாதே என்று என்னை இன்னொருமுறை கெஞ்சவைக்காமல் இருக்கப் பார்த்தான். அவன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது, அவ்வளவு பிரியமும் வந்தது.

"எடுக்கலாம்," என்றார் முராகோஷி. "பழசு மேலேயே எடுக்கவா? எடுத்தா முன்னது அழிஞ்சிடும்."

அவர் ஜுனைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். ஜுனும் என்னைப் பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது.

"அதுமேலேயே எடுங்க அண்ணே," என்றேன்.

டேப் பின்னால் ஓடியது. மறுபடி முதலிலிருந்து பாடினேன். மூக்கு அடைத்திருந்தது, அதனால் குரல் கொஞ்சம் கனத்திருந்தது, அந்தக் கனம்தான் அழகு என்று பிறகு பத்திரிகையில் எவரோ எழுதினார்கள். கடைசி வரிக்கு வந்தோம். முராகோஷி விரலைச் சுழற்றினார். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. ஹெட்போனைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றேன்.

ஜுன் நிறுத்தவில்லை.

தேவையான அளவு எப்போதோ தாண்டிவிட்டது. தாள மெஷினைக் காலால் நிறுத்தினான், கிடாரை நிறுத்தவில்லை. அதே நான்கு சுரக்கட்டு, சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி, தலை குனிந்து, ஒரு பிள்ளை வீட்டுக்குப் போக மனசில்லாமல் தெருவையே சுற்றி வருவது போல. ஹச்சியா கதவைத் திறந்து உள்ளே வந்து, என்ன இது என்று கையை விரித்தார். முராகோஷி அவரைப் பார்க்காமலே உதட்டில் விரல் வைத்தார். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், நிறுத்தச் சொல்லவா என்று. நான் தலையாட்டினேன். வேண்டாம். டேப் சக்கரத்தில் இருந்தது முழுக்கச் சுற்றித் தீர்ந்து, நுனி கழன்று, பட் பட் என்று அடித்துக்கொள்ளும் வரை அவன் வாசித்தான்.

பிறகு கிடாரைப் பெட்டியில் வைத்தான். ஜனவரியில் கியோத்தோவில், தலைமைக் கோயிலில், தலையை மழித்துக்கொண்டான்.

பாட்டு வந்த வாரமே முதலிடத்துக்குப் போனது. டிவியில் வேறொருவர் நின்று கிடார் வாசிக்க நான் பாடினேன். நோதோவிலிருந்து ஒரு பெட்டி நிறைய முள்ளங்கி ஊறுகாய் வந்தது.

பிப்ரவரியில் ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் கானாங்கெளுத்தி வாங்கிக்கொண்டிருந்தேன். கூரை ஒலிபெருக்கியிலிருந்து எங்கள் பாட்டு வந்தது. மீன் வெட்டுகிறவர் கூடவே பாடினார், எல்லா வரியும் அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசி வரி வந்தது, சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவர் மீனைத் தாளில் சுற்றினார்.

"பாட்டு முடிஞ்சிடுச்சு," என்று அவராகச் சொல்லிக்கொண்டார்.

நான் மீனை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். அடுத்த பாட்டு தொடங்கி அது பாதி போன பிறகும் நின்றுகொண்டிருந்தேன். யாருக்கும் கேட்காத அந்த இடத்தில் ஜுன் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தான்.